மழையா கொன்றது?

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், எங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்பு பாதியிலேயே கலைந்துவிடுவது வழக்கம். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் பிள்ளைகளை இருட்டுமுன் அனுப்பிவிட வேண்டும். அப்படி ஒரு சனிக்கிழமை மாலை, புதுநன்மைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த சிறுமி ஒருத்தி, ஜன்னல் வழியே வானம் கறுத்ததைக் கண்டதும் பாடத்தின் நடுவிலேயே எழுந்து நின்றாள்.

"சாமி, நான் வீட்டுக்குப் போகணும். எங்க கோழியெல்லாம் வெளியே மேயுது. நனைஞ்சா செத்துப்போயிரும்னு அம்மா சொல்லும்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவளோ வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்து, "மெய்யாவே செத்துப்போயிருமா சாமி?" என்று கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை. "முதலில் போய்க் கோழிகளைப் பார், மற்றதை அடுத்த வாரம் பேசுவோம்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். ஏனெனில், அதே கேள்விக்கு ஒருமுறை நான் தவறான விடை கண்டவன். அந்தத் தவற்றின் விலையைக் கொடுத்தவர் வேறொருவர். கொல்லைப்புறத்தில் நாலைந்து கோழி வளர்க்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் ஏராளம். ஆதலால் நடந்ததை நடந்தபடியே இங்கு எழுதுவது அவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். என் தாய் கோழி வளர்த்தார். மழை வந்தால் அவர் நெல்லைத்தான் ஓடி ஓடி அள்ளுவாரேயன்றி, கோழிகளைத் தேடியதாக எனக்கு நினைவில்லை. அவை வண்டிக்கு அடியிலோ, வைக்கோற்போரின் ஓரத்திலோ ஒதுங்கி நிற்கும். மழை விட்டதும் உடலை ஒரு தரம் உதறிக்கொண்டு மண்ணைக் கிளறத் தொடங்கிவிடும். ஆனால் சிறுவயதிலேயே நான் குருமடம் சேர்ந்துவிட்டேன். மெய்யியலும் இறையியலும் கற்ற அத்தனை ஆண்டுகளில் கோழியைப் பற்றிய பாடம் ஒன்றுகூட இருக்கவில்லை. தாய் வீட்டில் கண்ணால் கண்டிருந்ததும் மெல்ல மெல்ல மறந்துபோயிற்று.

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தமிழகமெங்கும் பெய்த பெருமழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மாதத் தொடக்கத்தில், கோயிலுக்கு அடுத்த தெருவில் வாழும் கைம்பெண் ஒருவர் என்னிடம் வந்தார். பனையோலைப் பெட்டி முடைந்து பிழைப்பவர் அவர். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் பேறுகாலம். உடனிருந்து பார்க்க வேறு ஆள் இல்லை. போய்வர ஒரு மாதமாகும். அதுவரை தம் கோழிகளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். 8 பெட்டைக்கோழிகள், ஒரு சேவல், மூன்று வாரக் குஞ்சுகள் பதினொன்றோடு ஒரு தாய்க்கோழி. ஓலைப் பெட்டியில் வரும் காசு அரிசிக்கும், முட்டையில் வரும் காசு மருந்துக்கும் மற்றச் செலவுக்கும் என்று கணக்காய்க் குடித்தனம் நடத்துபவர் அவர். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 அல்லது 80 முட்டைக்கு மேல் இடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு கோழியும் அவருக்கு ஒரு சிறு வருமானம்.

"நாங்க இருக்கிறோம், கவலை வேண்டாம் அம்மா. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன்.

"பகல்ல தெறந்து விட்ருங்க சாமி. பொழுது அடைஞ்சா அதுகளே திண்ணைக்கு வந்துரும். தாயையும் குஞ்சுகளையும் மட்டும் பஞ்சாரத்துல கவுத்துங்க. வேற ஒண்ணும் செய்யவேண்டாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. மூன்றாம் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, கோழிகள் தூறலில் நனைந்தவாறே முற்றத்து ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. தாய்க்கோழி சுவரோரமாகத் தரையில் படுத்துச் சிறகுகளைப் பரப்பிக் கண்களை மூடியிருந்தது. அதன் முதுகில் மழைத்துளிகள் விழுந்து வழிந்தன. குஞ்சுகளில் ஒன்றையும் காணோம். அருகே சென்று குனிந்தபோது, சிறகின் அடியிலிருந்து ஒரு சிறு தலை எட்டிப் பார்த்து உள்ளே ஒளிந்துகொண்டது. என் மனம் இளகிவிட்டது. நம்மை நம்பி ஒப்படைத்த உயிர்களை இப்படி மழையில் வாட விடலாமா என்று தோன்றிற்று.

பங்கு இல்லத்தின் பின்புறம் பழைய சாமான்கள் போட்டுவைத்த அறை ஒன்று உண்டு. எட்டடிக்கு ஆறடி, சிமெண்டுத் தரை, சிறிய ஜன்னல் ஒன்று. சமையற்காரரும் நானும் கோழிகளைத் துரத்திப் பிடித்து அந்த அறையில் அடைத்தோம். தரையில் வைக்கோல் பரப்பினோம். சாரல் வருகிறதென்று ஜன்னலைத் தார்ப்பாயால் மூடினோம். கதவிடுக்கில் சாக்குத் திணித்தோம். அகன்ற சட்டியில் நிறையத் தண்ணீரும், கம்பும் குருணையும் வைத்தோம். மழை விடும்வரை அவை வெளியே வரக்கூடாதென்று உத்தரவும் போட்டேன். அன்றிரவு மனநிறைவோடு உறங்கினேன்.

மழை எட்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது கண்ணெரியும் நெடியொன்று முகத்தில் அடித்தது. ஈரத்தின் வாடை என்று நினைத்து, பழைய வைக்கோலின்மேலேயே புதிய வைக்கோலைப் போட்டோம். ஆறாம் நாள் குஞ்சுகள் இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் குவிந்து நின்றன. எச்சத்தில் இரத்தம் தெரிந்தது. அன்றே இரண்டு இறந்தன. எட்டாம் நாளுக்குள் ஏழு குஞ்சுகள் போய்விட்டன. பெரிய கோழிகளில் சிலவற்றின் கண்கள் வீங்கி, மூச்சு கரகரத்தது. அவற்றில் இரண்டு பிழைக்கவில்லை.

அண்டை ஊரில் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து வந்தேன். "மழையில் நனைந்ததுதான் காரணம் போலும், நான் பிடித்து அடைப்பதற்குள் நனைந்துவிட்டன" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் அறைக்குள் ஒரு நிமிடம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கூளத்தில் ஒரு பிடி அள்ளிக் கையில் இறுக்கிக் காட்டினார். விரலிடுக்கில் நீர் கசிந்தது.

"மழை ஒன்றும் செய்யவில்லை சாமி. இந்த அறைதான் செய்தது" என்றார்.

பிறகு திண்ணையில் உட்கார்ந்து, ஒரு மாணவனுக்குச் சொல்வதுபோல எனக்கு அவர் விளக்கியவற்றை, அன்று முதல் நான் கண்டறிந்தவற்றோடு சேர்த்துத் தருகிறேன்.

வளர்ந்த கோழியின் உடல் மழைக்கென்றே அமைந்தது. இறகொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளைகள். கிளைகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்கிளைகள். அவை சிறு கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. நன்றாக முடைந்த ஓலைப்பாய் தண்ணீரை உடனே கீழே விடாதல்லவா? இதுவும் அப்படியே. வாலின் அடியில், முதுகு முடியும் இடத்தில், ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. கோழி அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகெங்கும் நீவுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கோழி அழகு பார்க்கிறது என்று நினைக்கிறோம். அது தன் குடையைப் பழுது பார்க்கிறது. மேலிறகின் கீழே மென்தூவி இருக்கிறது. அதனுள் அடைபட்ட காற்றே கோழியின் கம்பளி. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நமது உடலைவிட நான்கு டிகிரி கூடுதல். மேலிறகு நனைந்தாலும் உள்தூவி உலர்ந்திருக்கும்வரை இந்த வெப்பம் வெளியேறாது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. ஆகையால் நம் நாட்டில் அதை வாட்டுவது சித்திரை வெயிலே. அலகைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை விரித்து நிற்கும் கோழிக்கு ஐப்பசித் தூறல் ஒரு விடுதலை. மண்புழுவும் ஈசலும் மேலே வரும் காலமும் அதுவே. வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி, பருவமழை கொட்டும் தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளில் வாழ்வது. நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியும் வீட்டுக்கோழிக்கு உறவே; பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் நிறத் தோலும் காலும் இதன் வழியாக வந்தவை என்று 2008இல் மரபணு ஆய்வாளர் கண்டறிந்தனர். அந்தக் காட்டில் யாரும் தார்ப்பாய் கட்டுவதில்லை.

அப்படியானால் ஆபத்து எங்கே? நனைந்தபின் உலர முடியாமற்போவதில்தான். தூறலில் நனைந்த கோழி கூரையடியில் ஒதுங்கி, உடலை உதறி, இறகை நீவி, சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். அதே கோழி மணிக்கணக்காக ஒதுங்க இடமின்றிக் காற்றோடு கூடிய மழையில் நின்றால், நீர் உள்தூவி வரை இறங்கிவிடும். காற்று அடைபட்டிருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும். உடல் வெப்பம் ஓயாமல் வெளியேறும். மழையும் காற்றும் சேர்ந்தால்தான் பகை. காற்றின்றிப் பெய்யும் மழை ஆரோக்கியமான கோழிக்குப் பெரும்பாலும் பகையன்று.

உலர்ந்த இடம் என்று நான் கொடுத்த அறையோ, நாளுக்கு நாள் ஈரமாகிக்கொண்டிருந்த இடம். கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மூச்சிலும் ஈரம் வெளியேறுகிறது. வெளிக்காற்று வந்துபோனால் அந்த ஈரம் அகன்றுவிடும். நான்தான் காற்றை அடைத்துவிட்டேனே! ஈரக் கூளத்தில் எச்சம் கிடந்து சிதையும்போது அம்மோனியா வாயு எழுகிறது. என் கண்ணை எரித்தது அதுவே. நான் கதவைத் திறந்து மூடும் ஒரு நிமிடத்தில் என் கண் எரிந்ததென்றால், தரையிலிருந்து அரையடி உயரத்தில் இரவும் பகலும் மூச்சு விட்ட அந்த உயிர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அது கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கி, நோய்க்கிருமிகளுக்கு வழி திறந்துவிடுகிறது.

குஞ்சுகளைக் கொன்றது இரத்தக் கழிச்சல். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்று குடலில் வளர்ந்து, எச்சத்தோடு முட்டையுறைகளாக வெளியேறுகிறது. உலர்ந்த தரையில் அவை எளிதில் முதிர்வதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து நோய் பரப்பும் நிலையை அடைந்துவிடும். கிளறித் தின்னும் குஞ்சுகள் அவற்றையே விழுங்குகின்றன. மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரையிலான குஞ்சுகளுக்கு இது மிகவும் கொடியது. நானோ, அந்த ஒட்டுண்ணிக்கு வேண்டிய வெதுவெதுப்பையும் ஈரத்தையும் குறைவின்றி அளித்திருந்தேன்.

மருத்துவர் மருந்து கொடுத்தார். அறையைக் கழுவி உலர்த்தச் சொன்னார். மிஞ்சிய கோழிகளைத் திண்ணைக்கே கொண்டுவரச் செய்தார். நான்கு குஞ்சுகள் பிழைத்தன.

அந்தத் தாய் ஊர் திரும்பிய நாளை நான் மறக்கமாட்டேன். பிறரது குற்றங்களை ஆண்டுக்கணக்காகக் கேட்டு வந்தவன் என் குற்றத்தைச் சொல்ல எத்தனை நேரம் தடுமாறினேன்! மழையின்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்ற எண்ணமும் எழாமலில்லை. மழையின்மேல் போட்டால் அவர் உடனே நம்பியிருப்பார், ஊரே நம்பியிருக்கும். ஆயினும் நடந்ததைச் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்ணும் செய்யவேண்டாம்னுதானே சாமி சொன்னேன்" என்றார். அவ்வளவே. அந்தச் சொல்லில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இறந்தவற்றிற்கு ஈடாக 1,500 ரூபாய் கொடுத்தேன். சாமியாரிடம் காசு வாங்குவதா என்று மறுப்பார் என எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. வாங்கி எண்ணினார். எண்ணியபின் 100 ரூபாயைத் திருப்பித் தந்தார். "அந்தக் கறுப்புப் பெட்டைக்கு வயசாயிட்டுது சாமி. முட்டையும் நிறுத்தியாச்சு. அதுக்கு இவ்வளவு வேண்டாம்" என்றார். ஈடு செய்வது எப்படி என்று பிறருக்குக் கற்பிக்கும் நான், அதை நேர்மையோடு ஏற்றுக்கொள்வது எப்படி என்பதை அன்று அவரிடம் கற்றேன்.

அடுத்த ஆண்டு மழைக்கு முன் பங்கு இளைஞர்களைக் கொண்டு அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு கோழிக்கூடு கட்டினோம். இம்முறை நான் உத்தரவு போடவில்லை. அவர் சொன்னபடி செய்தோம். தரை ஒன்றரை அடி உயரம். கூரை நாற்புறமும் இரண்டடி வெளியே நீண்டிருக்கிறது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே வடக்கும் கிழக்கும் சுவர், தெற்கு முழுவதும் கம்பிவலை. உள்ளே இரவில் ஏறி அமர இரண்டு கம்புகள். தரையில் நாலு விரற்கடை உமியும் நிலக்கடலைத் தோலும். வாரம் இருமுறை கூளத்தைக் கிளறிவிட வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் கட்டியாகாமல் உதிர வேண்டும். கட்டியானால் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளற வேண்டும். நீர் கசிந்தால் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பகலில் கதவு எப்போதும் திறந்திருக்கும். வெளியே போவதும் உள்ளே வருவதும் கோழியின் விருப்பம். மழை பெய்யும்போது ஒருநாள் நின்று பார்த்தேன். சில கோழிகள் உள்ளே இருந்தன; சில தூறலில் மேய்ந்தன; மழை வலுத்ததும் எல்லாம் தாமே ஏறி வந்தன. நான் எட்டு நாள் பாடுபட்டுக் கெடுத்த காரியத்தை, திறந்த கதவொன்று எளிதாகச் செய்தது.

இந்தப் பாடத்திற்குப் பெருஞ்சோதனை ஒன்று 2023இல் வந்தது. டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. விடியுமுன் தொடங்கிய மழை அன்று முழுவதும் நிற்கவில்லை. மறுநாள் காலைவரை இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன. எங்கள் கோயில் மேட்டில் இருப்பதால், இரவு எட்டு மணிக்குமேல் மக்கள் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள்.

அந்தத் தாயும் இடுப்பளவுத் தண்ணீரில் வந்தார். தலையில் இரண்டு பெரிய ஓலைப் பெட்டிகள். ஒன்றில் அரிசியும் துணியும் இருக்கும் என நினைத்தேன். இரண்டிலும் கோழிகள்! ஏழு கோழிகளும், ஐந்து குஞ்சுகளும். எல்லாம் தோல்வரை நனைந்து, பாதி உடம்பாகச் சுருங்கி, நடுங்கிக்கொண்டிருந்தன. 'நனைந்த கோழி' என்று நாம் சொல்லும் உவமையின் முழுப் பொருளை அன்றுதான் கண்டேன்.

"மிச்சம் நாலு இருக்கு சாமி. தூக்க முடியல. கூட்டுக் கதவைத் தெறந்து விட்டுட்டேன். வேப்பமரத்துல ஏறிக்கிடும்" என்றார்.

மின்சாரம் இல்லை. என் பழைய துண்டுகளையும் கிழிந்த அங்கியொன்றையும் எடுத்து வந்தேன். ஒவ்வொரு கோழியையும் மடியில் வைத்து, இறகின் போக்கிலேயே ஒற்றி ஒற்றித் துடைத்தோம். தேய்க்கக்கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்தார். கோயிலின் பின்தாழ்வாரத்தில் காற்றடிக்காத மூலையாகப் பார்த்துச் சாக்கும் தேங்காய் நாரும் விரித்து விட்டோம். அடுத்து ஓர் அறை காலியாக இருந்தது. அதில் அடைக்கும் எண்ணம் எனக்கு வரவே இல்லை. குஞ்சுகளைத் துடைத்து ஒவ்வொன்றாகத் தாயின் அடியில் தள்ளினோம். தாய்க்கோழி தானே நடுங்கிக்கொண்டிருந்தபோதும், சிறகை விரித்து அவற்றை உள்ளே வாங்கிக்கொண்டது.

2021இல் முற்றத்தில் நான் கண்ட காட்சியும் இதுவே. அன்று முதுகில் விழுந்த துளிகளை மட்டும் பார்த்து இரங்கினேன். அடியில் குஞ்சுகள் உலர்ந்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. எருசலேமை நினைத்து வருந்திய நம் ஆண்டவர், தம் அன்பைச் சொல்லத் தேர்ந்த உவமை குஞ்சுகளைச் சிறகடியில் கூட்டிச் சேர்க்கும் கோழிதான். அந்த நற்செய்திப் பகுதியை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். சிறகின் மேற்புறம் நனைந்திருக்கும் என்பது ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

விடிந்தபோது பெட்டிகளில் வந்த அனைத்தும் உயிரோடு இருந்தன. இரண்டு நாள் கழித்துத் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியபின் அவரோடு போய்ப் பார்த்தேன். கூடு இருந்த இடத்தில் சேறு. வேப்பமரக் கிளையில் மூன்று கோழிகள் அமர்ந்திருந்தன. இரண்டு இரவு வெட்டவெளியில் இருந்தவை. மெலிந்திருந்தன, ஆனால் சாகவில்லை. நான்காவது கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் திருட்டுக்குப் பயந்து பூட்டிய கூடுகளில் இருந்தவை ஒன்றும் மிஞ்சவில்லை. கோழிக்கு நீந்தத் தெரியாது. ஆனால் வழி விட்டால் ஏறத் தெரியும்.

மறுவாரம் அந்தச் சிறுமி வந்ததும் இந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். அவள் தாய்க்குச் சொல்லும்படி சில குறிப்புகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவை மற்றக் குடும்பங்களுக்கும் உதவலாம்.

நன்றாக இறகு மூடிய, நோயற்ற கோழி தூறலில் நனைந்தால் அஞ்சவேண்டாம். தாயில்லாக் குஞ்சுகளை மட்டும் ஆறு வாரம்வரை மழையில் விடக்கூடாது. அவற்றின் மேனியில் இருப்பது இறகன்று, வெறும் தூவி. அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். பின் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு போகலாம். இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் கோழி, நோயுற்ற கோழி, மிக முதிர்ந்த கோழி, கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி ஆகியவற்றைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இறைச்சிக்கென்று வளர்க்கும் வெள்ளைக்கோழிக்கு மேனியில் இறகு குறைவு. அது மழை தாங்காது.

நனைந்த கோழி நடுங்கினாலோ, கண்ணை மூடித் தனியே ஒதுங்கி நின்றாலோ, துடைத்து, காற்றடிக்காத, ஆனால் காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்ந்த கூளத்தின்மேல் விடுங்கள். அடுப்புப் புகையருகே வைக்கவேண்டாம். தீவனத்தை நனைய விடாதீர்கள். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சம் வான்கோழிகள் மாண்டன. பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் தெரிந்தது. தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். அதில் பெருகும் கொசு கோழி அம்மையைப் பரப்புகிறது. மழையில் நனைந்ததால் வெள்ளைக்கழிச்சல் வந்தது என்று சொல்வோர் பலர். இராணிக்கெட் என்னும் அந்நோய் வைரஸால் வருவது. மழையை நிறுத்தினாலும் அது நிற்காது. தடுப்பூசியே காப்பு. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

தாளை வாங்கிக்கொண்ட சிறுமி முழுவதும் படித்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப மழை வந்தா நான் என்ன செய்யணும் சாமி?" என்றாள்.

"கூட்டுக்குள்ளே ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பார். கதவைத் திறந்து வை. வேறொன்றும் செய்யவேண்டாம்" என்றேன்.

அந்தக் கடைசிச் சொல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த தெருவில் திண்ணையில் அமர்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருக்கும் அந்தத் தாய்க்குத் தெரியும்.